பையனுக்கு யார் பத்திரிகை அடிப்பது?

விருதுநகர் மாவட்டத்தில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஒரு ப்ளெக்ஸ் போர்டு உங்களை வரவேற்கும். நடுவில் பட்டுப் பாவாடை, ஒட்டியாணம் சகிதம் ஒரு பெண் குழந்தை. சுற்றிலும் கூலிங் கிளாஸ் மாட்டிய தாய்மாமன்கள் பதினாறு பேர். 'பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருக, வருக' என்று கொட்டை எழுத்து. பத்திரிகை அடிக்க அலைய வேண்டியதே இல்லை. ஊர் ஊராகக் காலண்டர் அடித்து அனுப்புகிற சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது.

அதே வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு அண்ணன் இருப்பான். வயசு பதினஞ்சு. அவனுக்குப் போர்டு கிடையாது, பத்திரிகை கிடையாது, தாய்மாமன் சீர் கிடையாது. அவன் வயசுக்கு வந்தானா இல்லையா என்பது பெற்ற தாய்க்கே தெரியாது. ஒரு நாள் குரல் உடைந்து, "என்னடா, கட்டைத் தொண்டையிலே கத்துறே?" என்று அப்பா அதட்டினால், அவனுக்கு நடக்கிற ஒரே சடங்கு அதுதான்!

சரி, அந்த அதட்டலுக்கும் வழியில்லாமல் போனால்? பதினாலு போய், பதினாறு போய், பதினெட்டு ஆகியும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை, உயரம் ஏறவில்லை என்றால்?

பெண் பிள்ளை பெரியவளாகவில்லை என்றால் பாட்டி, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று ஊரே மாசக் கணக்குப் பார்க்கும். பையன் விஷயத்தில் கணக்குப் பார்க்கிற கோஷ்டி ஒன்றே ஒன்றுதான். கூடப் படிக்கிற பயல்கள். அவர்கள் டாக்டரிடம் அழைத்துப் போக மாட்டார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். பையன் என்ன செய்வான்? கம்மாயில் குளிக்கப் போவதை நிறுத்துவான். கபடிக்கு வர மாட்டான். கடைசியில் ஸ்கூலுக்கும் வர மாட்டான். 'கூச்ச சுபாவம்' என்று வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள்.

அது கூச்சம் இல்லை ஸார். சில பையன்களுக்கு அது ஹார்மோன் பற்றாக்குறை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக் கூடியது. நேரத்தில் தெரிந்தால் மருந்து இருக்கிறது.

திரியா, மருந்தா?

உடம்புக்குள் நடக்கிற விஷயத்தைச் சிவகாசிக்காரருக்குச் சொல்வது சுலபம். அங்கே வெடிக்குள் அடைக்கிற பொடிக்கு 'மருந்து' என்றே பெயர். மருந்து இருந்தால் மட்டும் போதாது. திரி வேண்டும். திரியில் நெருப்பு வைக்க ஒரு ஆள் வேண்டும்.

நம் மூளைக்கு அடியில் ஹைபோதலாமஸ் என்று பாதாம் பருப்பு சைஸில் ஒரு பகுதி இருக்கிறது. நெருப்பு வைக்கிற ஆள் அதுதான். பருவ வயசு நெருங்கியதும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதலில் ராத்திரி தூக்கத்தில், ஒரு ரசாயனத் தூதை விட்டு விட்டு அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்கிறது, கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. இதுதான் திரி. இது எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் இறக்குகிறது. அவை ஆணுக்கு விரைகளையும் பெண்ணுக்கு சினைப்பைகளையும் போய்த் தட்டி எழுப்புகின்றன. விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோன், சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன். குரல், மீசை, மார்பு, உயரம், எலும்பின் உறுதி எல்லாம் இந்த மருந்தின் வேலை.

இப்போது வெடி வெடிக்கவில்லை. என்ன காரணம்? மூன்றில் ஒன்று.

ஒன்று, திரி கொஞ்சம் நீளம். மெதுவாக எரிந்துகொண்டிருக்கிறது, நிச்சயம் வெடிக்கும். இரண்டு, திரியே எரியவில்லை. மூன்று, திரி எரிந்துவிட்டது, உள்ளே மருந்து நமத்துப் போயிருக்கிறது.

மருந்து நமத்திருந்தால் பிட்யூட்டரி சும்மா இருக்காது. 'என்னப்பா, பதிலே காணோம்?' என்று மேலும் மேலும் சத்தம் போடும். ரத்தத்தில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். எகிறி நிற்கும். திரி எரியாமல் இருந்தால் இரண்டும் குறைந்து கிடக்கும். தகராறு மேலிடத்திலா, கீழிடத்திலா என்பதை டாக்டர் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

நீளமான திரியும் எரியாத திரியும் மட்டும் ஆரம்பத்தில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் டாக்டர் ஆறு மாசம் கழித்து வரச் சொல்கிறார். அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை.

சேவல் சொன்ன சாட்சி

கரிசக்காட்டுச் சம்சாரிக்கு இதெல்லாம் புதுசு இல்லை. காயடித்த காளை எப்படிச் சாதுவாகிறது, திமில் எப்படி அடங்குகிறது என்று காலகாலமாகப் பார்த்தவர். ஏன் என்றுதான் கேட்கவில்லை.

கேட்டவர் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்த்தோல்ட். 1849-ல் ஆறு சேவல் குஞ்சுகளை எடுத்து விரைகளை நீக்கினார். இரண்டை அப்படியே விட்டார். மற்ற நாலுக்கும் வயிற்றுக்குள் ஒரு விரையைத் திரும்ப வைத்தார். முதல் இரண்டும் கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டைக்குப் போகாமல் சாமியாராகிவிட்டன. மற்ற நாலும் கொண்டை சிலிர்த்துக் கூவின, கோழிகளைத் துரத்தின! நரம்புத் தொடர்பே இல்லாமல் வயிற்றில் கிடக்கிற விரை கொண்டையை எப்படி வளர்க்கும்? ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் கலக்கிறது என்றார் பெர்த்தோல்ட்.

அந்தப் பொருளைப் பிடிக்க 86 வருஷம் ஆயிற்று. 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் புட்டெனான்ட்டும் ருசிக்காவும் அதைச் செயற்கையாகச் செய்து காட்ட, 1939-ல் இருவருக்கும் நோபல் பரிசு. புட்டெனான்ட்டை அப்போது வாங்கவிடவில்லை ஹிட்லர் அரசாங்கம். அது தனிக் கதை.

மீசையைப் பார்க்காதீர்கள்

பையன் பெரியவனாவதற்கு முதல் அடையாளம் மீசை என்பதுதான் நம் ஊர் நம்பிக்கை. தப்பு. மீசை கடைசி பெஞ்ச். முதலில் பெரிதாவது விரை. ஆண் பிள்ளைக்கு 9 வயசிலிருந்து 14 வயசுக்குள் இது ஆரம்பித்துவிட வேண்டும். பெண் குழந்தைக்கு 8-லிருந்து 13-க்குள் மார்பு வளர்ச்சி ஆரம்பிக்க வேண்டும்.

ஆகவே மனசில் குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டு. பையனுக்கு 14, பெண்ணுக்கு 13. அதற்குள் ஒரு அறிகுறியும் இல்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மார்பு வளர்ந்தும் 15 வயசு வரை மாதவிலக்கு வராவிட்டாலும் அதே.

டாக்டரிடம் ஒரு மணிமாலை இருக்கும். ஜபமாலை என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்து டாக்டர் ஆந்த்ரயா பிராடர் 1966-ல் அறிமுகப்படுத்திய அளவுகோல் அது. சின்னதிலிருந்து பெரிதாகப் பன்னிரண்டு மணிகள். 1 மில்லியில் ஆரம்பித்து 25 மில்லி வரை. 4 மில்லி மணியின் அளவு வந்துவிட்டால் 'திரி பற்றிக்கொண்டது' என்று அர்த்தம். மீசை, குரல், உயரம் எல்லாம் பின்னாலேயே வரும்.

இன்னொரு பரிசோதனை, இடது கை எக்ஸ்ரே. மணிக்கட்டு எலும்புகளைப் பார்த்து உடம்பின் நிஜ வயசைச் சொல்லிவிடலாம். பிறந்த சர்டிபிகேட் 15 என்கிறது, எலும்பு 12 என்கிறது என்றால் பையன் வளர இன்னும் இடம் இருக்கிறது.

நூறு பையன்களில் ஏறக்குறைய இரண்டு பேர் இந்த 14 வயசுக் கோட்டைத் தாண்டுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீளத் திரி கேஸ்தான். அப்பாவிடமோ தாய்மாமனிடமோ விசாரித்தால், "நானும் காலேஜ் போன பிறகுதான் உயர்ந்தேன்" என்பார்கள். வணிகவியல் பாஷையில் சொன்னால் இது பாக்கி, வாராக்கடன் இல்லை. ஆனால் எது பாக்கி, எது வாராக்கடன் என்று கணக்குப் பார்க்காமலேயே 'வந்துடும், வந்துடும்' என்று நாலு வருஷம் ஓட்டுவதுதான் ஆபத்து.

காமராஜர் ஊரும் துத்தநாகமும்

உடம்பு ஒரு கெட்டிக்கார முதலாளி. சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் விரிவாக்கத் திட்டத்தை ஒத்திப்போட்டுவிடும். பசி, ரத்தசோகை, தீராத வியாதி எதுவானாலும் பருவம் தள்ளிப்போகும்.

இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு சோகமான பின்னணி உண்டு. இங்கே ஒருவர் 'ஆபீஸுக்குப் போறேன்' என்றால் மேஜை, ஃபேன், கேண்டீன் டீ என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். தொழிற்சாலைக்கே அந்தப் பெயர். ஒரு காலத்தில் அந்த ஆபீஸ்களுக்குக் குழந்தைகள் வேலைக்குப் போனார்கள். பதினஞ்சு வயசுப் பையன் பத்து வயசு மாதிரி இருந்தால், 'வேலைக்குப் போற புள்ள, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பதினெட்டு வயசுக்குக் கீழ் யாரையும் ஆபத்தான தொழிலில் சேர்க்கக் கூடாது. இன்றைக்கு வளர்ச்சி தாமதமான இருபது வயசுக்காரன் வேலை கேட்டுப் போனால், சட்டத்துக்குப் பயந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் ஆதார் கார்டைத்தான் முதலில் கேட்பார்கள்!

சாப்பாட்டுக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர். பீகார் மாநிலம் பக்சரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். ஈரானில் ஷிராஸ் நகரத்தில் வேலை பார்த்தபோது 21 வயசு நோயாளி ஒருவர் வந்தார். பார்க்கப் பத்து வயசுப் பையன் மாதிரி. பருவ அடையாளம் ஒன்றுகூட இல்லை. தின்பது ரொட்டி, கூடவே களிமண்! அந்த ஊர்ப்பக்கம் அதே மாதிரி இன்னும் பலர். பிரசாத் 1961-ல் இதை எழுதி வெளியிட்டார். பிறகு எகிப்தில் ஆராய்ந்து, காரணம் துத்தநாகச் சத்துக் குறைவு என்று நிரூபித்தார். துத்தநாகம் கொடுத்தவுடன் அந்த இளைஞர்கள் உயர்ந்தார்கள், பருவமும் அடைந்தார்கள். மனுஷ உடம்புக்குத் துத்தநாகம் அவசியம் என்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்கப்புறம்தான்.

பருப்பு, நிலக்கடலை, முட்டை, மீன், கறி எல்லாவற்றிலும் துத்தநாகம் உண்டு. விருதுநகர் எண்ணெய் பரோட்டா மகாத்மியம் உலகறிந்தது. ஆனால் மைதாவில் மட்டும் வளருகிற பையனுக்கு அது போதாது. கூட ஒரு முட்டையாவது போடச் சொல்லுங்கள். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-ல் மதிய உணவு போட்டார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. படிக்க வைக்கப் போட்ட சோறு, பிள்ளைகள் காலாகாலத்தில் வளரவும் போட்ட சோறு.

தைராய்டு குறைந்தாலும் வளர்ச்சி தடைப்படும். வெடி மருந்தில் சேரும் பெர்குளோரேட் உப்பு, தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கக் கூடியது. பட்டாசு வட்டாரத்து நிலத்தடி நீரில் அது இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தைராய்டு பரிசோதனையை மறக்காமல் சேர்த்துக்கொள்வது நல்லது.

நமத்த மருந்து, எரியாத திரி

சாப்பாடு சரியாக இருந்தும் வராத கேஸ்கள் உண்டு.

ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று ஒவ்வொரு குரோமோசோம். சிலர் ஒரு எக்ஸ் அதிகமாக வைத்துக்கொண்டு பிறக்கிறார்கள். 1942-ல் விவரித்தவர் பெயரால் இது கிளைன்ஃபெல்டர். ஏறக்குறைய 600 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. நீண்ட கால், சின்ன விரை, சிலருக்கு மார்பு கொஞ்சம் பெரிது. பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று டாக்டரிடம் போகும்போதுதான் தெரிகிறது. பெண் குழந்தைக்கு ஒரு எக்ஸ் குறைந்தால் டர்னர். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு. உயரம் குறைவு, சினைப்பை வேலை செய்யாது.

(பருவ வயசில் பையன்களுக்கு மார்பு லேசாக வீங்குவது பாதிப்பேருக்கு மேல் நடக்கிறது. ஒன்றிரண்டு வருஷத்தில் தானாக அடங்கும். அதற்காகக் கிளைன்ஃபெல்டர் என்று பயந்து சாக வேண்டாம்.)

எரியாத திரியில் ஒரு விசித்திரமான வகை கால்மன். இவர்களுக்கு வாசனை தெரியாது! மல்லிகைப்பூவும் காப்பித்தூளும் ஒன்றுதான். கருவில் மூக்கு நரம்பும், மூளைக்குப் போக வேண்டிய ஹார்மோன் செல்களும் ஒரே பாதையில் பயணம் செய்கின்றன. பாதை அடைபட்டால் இரண்டும் போச்சு. பதினாறு வயசிலும் சின்னப் பையனாக இருக்கிறான், பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தாலும் மூக்கைச் சுளிக்க மாட்டேன் என்கிறான் என்றால், அது முக்கியமான துப்பு.

விரை இறங்காமல் பிறந்த குழந்தைக்கு ஒன்றரை வயசுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். விரை முறுக்கிக்கொண்டு திடீரென்று உயிர் போகிற வலி வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி. வெட்கப்பட்டு விடியட்டும் என்று காத்திருந்தால் விரை போய்விடும். தாமதத்தோடு தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், பிட்யூட்டரி பக்கம் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ரூம் நம்பர் 12 வைத்தியம்

'மாதத்தில் இரண்டாவது செவ்வாய் லாட்ஜில் சந்திக்கலாம்' என்கிற விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தக் கேள்விக்கும் அங்கே ஒரே பதில்தான்: 'இளமையில் செய்த தவறு'. சுத்தப் புருடா. கைப்பழக்கத்தால் டெஸ்டோஸ்டிரோன் தீர்ந்து போவதில்லை. அது தொட்டித் தண்ணீர் இல்லை, ஊற்று.

அந்த லேகியத்தோடு போனால் பரவாயில்லை. வளருகிற பையனுக்கு அளவு தெரியாமல் ஹார்மோன் ஊசி போட்டால் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடி, உயரம் அங்கேயே நின்றுவிடும். ஜிம்மில் புஜம் ஏற்ற ஊசி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, 'சரக்குதான் வந்துடுச்சே' என்று உள்ளூர் உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணுவும் குறையும். வெடிக்காத வெடியைக் குனிந்து ஊதிப் பார்க்கக் கூடாது என்று தீபாவளிக்குத் தீபாவளி சொல்கிறோமே, இங்கேயும் அதே விதிதான்.

இதைவிடக் கொடுமையான ஒரு வைத்தியம் நம் குடும்பங்களிலேயே இருக்கிறது. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்." ஸார், தாலியில் டெஸ்டோஸ்டிரோன் இல்லை! ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிகிற விஷயத்தை ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துப் பரிசோதிக்கிறோம். ஆறு மாசத்தில் அவள் பிறந்த வீடு போவாள். பஞ்சாயத்து நடக்கும். அந்தப் பையன் ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்வான். இரண்டு பேருமே குற்றம் செய்யாதவர்கள்.

இன்னொன்று. ஹார்மோன் குறைவு வேறு, திருநங்கையாக இருப்பது வேறு. இரண்டையும் ஒரே கெட்ட வார்த்தையில் போட்டுக் கேலி செய்வது நம் ஊர்ப் பழக்கம். இரண்டுமே கேலிக்குரியவை அல்ல.

சில நூறு ரூபாய் சமாச்சாரம்

நீளத் திரி கேஸ்களுக்கு ஒன்றும் செய்யாமல் காத்திருக்கலாம். பையன் ரொம்ப உடைந்து போயிருந்தால், டாக்டர் குறைந்த அளவில் சில மாதங்கள் ஊசி போட்டு இயற்கையைத் தட்டி எழுப்புவார்; அப்புறம் அது தானாக ஓடும். நிரந்தரக் குறைவு என்றால் நீரிழிவுக்கு இன்சுலின் மாதிரி ஹார்மோனைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். சாதாரண டெஸ்டோஸ்டிரோன் ஊசி சில நூறு ரூபாய்தான். குரல் உடையும், மீசை வரும், எலும்பு உறுதியாகும். சிகிச்சை எடுக்காமல் விட்டால் நடுவயசிலேயே எலும்பு பொறுபொறுத்து முறியும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பாவாக முடியுமா? எரியாத திரி கேஸ்களில் பலருக்கு முடியும். டெஸ்டோஸ்டிரோனுக்குப் பதில், பிட்யூட்டரி செய்ய வேண்டிய வேலையைச் செய்கிற வேறு ஊசிகளைச் சில காலம் போட்டால் விந்தணு உற்பத்தியாகும். கிளைன்ஃபெல்டரிலும் சிலருக்கு விரையிலிருந்தே நுண் அறுவையில் விந்தணு எடுக்க முடிகிறது. பெண் குழந்தைக்கு ஈஸ்ட்ரோஜனைச் சிறுகச் சிறுக ஏற்றிக் கொடுப்பார்கள்.

எங்கே போவது? முதலில் குழந்தை நல டாக்டரிடம். அவர் தேவைப்பட்டால் ஹார்மோன் நிபுணரிடம் அனுப்புவார். விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகவே ரத்தம் கொடுக்கக் காலையிலேயே போய்விடுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்குப் பதினாலு வயசில் மகன் இருக்க மாட்டான். தம்பி இருப்பான், அக்கா பையன் இருப்பான். அவன் அப்பாவிடம் சொல்ல மாட்டான். அம்மாவிடம் சொல்லவே மாட்டான். உங்களிடம் சொன்னாலும் சொல்வான். டீக்கடையில் ஒரு பன் பட்டர் வாங்கிக் கொடுத்து, "என்னடா மாப்ளே, எல்லாம் ஒழுங்கா வளருதா?" என்று சிரிக்காமல் கேளுங்கள். சிரிக்காமல் என்பது முக்கியம். பதில் வர ஐந்து நிமிஷம் ஆகும். பொறுத்திருங்கள். பில்லையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.